நனைந்த நூலால் அளந்தவர்

தூத்துக்குடிக் கடற்கரை அருகே கயிற்றுக்கடை வைத்திருந்தவரும், சென்னைச் சட்டசபையில் எங்கள் பகுதியின் அங்கத்தினருமான இசக்கிமுத்து அவர்கள் காலமான செய்தியை அவருடைய வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவளாக நான் இருந்தேன். தந்தி ஆங்கிலத்தில் வந்ததுதான் காரணம்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். இசக்கிமுத்து அண்ணாச்சி சென்னையில் இருக்கும் நாட்களில் கடைக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அன்று சங்கு குளிப்பவர்கள் ஏழெட்டுப் பேர் கயிற்றுச் சுருள்களின்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்களில் புன்னைக்காயல் சந்தியாகு மட்டும் நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சியின் மனைவி பாக்கியத்தம்மாள் பிரிக்காத தந்தியை மடியில் வைத்திருந்தார்.

"வா தாயி, ஒனக்காகத்தான் எல்லாரும் குத்தவச்சிருக்கோம். பதில் வந்ததும் தந்தி அடிக்கேன்னு அவுக சொல்லிட்டுப் போனாகல்லா."

"சத்தமா வாசிங்க டீச்சர். பலகையை மாத்துதாங்களா இல்லையா?" என்றார் ஒருவர்.

"மாத்தாட்டி அண்ணாச்சி அந்த மந்திரியை ஊருக்கு அனுப்புவாகளா? கயித்தால கட்டிப் போட்டுருவாகல்லா," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பிரித்தேன். ஒரே வரி. அங்கத்தினர் விடுதியிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். அன்று காலை மாரடைப்பு. எனக்குச் சாதாரணமாகவே குரல் எழும்பாது. அப்போது சுத்தமாக எழும்பவில்லை. பாக்கியத்தம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னளா? கேள்வியைக் கேக்கவிடலையாமா?"

அதில்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு எப்படியோ சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணாச்சி பனங்காட்டு ஊரிலிருந்து வந்தவர். இளவயதில் பனந்தும்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆலந்தலை முதல் இங்கே வரை கரையோரமாகவே நடந்து விற்றவர். நான் அறிந்த காலத்தில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு கடை அவருக்கு இருந்தது. எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கைக் கொண்டுவரும். அதனால் கயிறில்லாமல் இந்த ஊர் ஒரு நாள் ஓடாது. யார் வந்தாலும் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எதுக்குலே கயிறு? தோணியைக் கட்டவா, ஆளை இறக்கவா?"

ஆளை இறக்க என்றால் சங்கு குளிப்பவர்களுக்கு. கயிற்றில் கல்லைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கடலடிக்குப் போகிறார்கள். அவர்களுக்கான கயிற்றை மட்டும் அண்ணாச்சி முதலில் நீரில் ஊறவைத்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டி, வெயிலில் காயவைத்த பிறகே கொடுப்பார். "புதுக் கயிறு நனைஞ்சா சுருங்கும், முறுக்கிக்கிடும். கடல்ல வச்சு முறுக்கினா யாருக்கு லாபம்?" என்பார்.

என் தந்தை தோணிகளில் மூட்டை ஏற்றுபவர். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்து வந்த வாரம், என்னை அண்ணாச்சியின் கடைக்கு அழைத்துப் போய், "எம்மவ பாஸ் பண்ணிட்டா அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, பெட்டிக்குள்ளிருந்து சர்க்கார் கடிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாசித்தேன்.

"நீ வாசிக்கது ஒனக்காவது கேக்குதா தாயி?" என்றார். என் தந்தை வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் அந்தக் கடையின் ஆங்கிலம் என்னுடையதாயிற்று.

உலகப் போர் முடிந்த வருடத்து மார்கழியில்தான் பலகைச் சங்கதி தொடங்கியது.

கடலில் எடுக்கும் சங்கு அத்தனையும் சர்க்காருக்குச் சொந்தம். குளித்து எடுப்பவர் அதைக் கரையிலுள்ள சங்குக் கொட்டகையில் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். அங்கே வட்டமாகத் துளையிட்ட மரப் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கையும் அந்தத் துளையில் வைப்பார்கள். நின்றால் கூலி. துளை வழியே விழுந்துவிட்டால் அது குஞ்சுச் சங்கு. வளரட்டும் என்று கடலிலேயே போட்டுவிடுவார்கள், கூலி கிடையாது. இந்த விதியை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் நல்ல சங்குகளும் விழத் தொடங்கின.

சந்தியாகு ஒரு நாள் உடம்பில் உப்புநீர் காயாமல் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, போன வருசம் நின்ன சங்கு இந்த வருசம் விழுது. சங்கு சிறுத்துட்டா, துளை பெருத்துட்டா?"

அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிட்டது. தோணிக் கப்பியில் கயிறு ஓடி ஓடித் துளை அகலமாவதை அவர் தினமும் பார்த்தவர். மரத் துளையில் வருடக்கணக்காகச் சங்கு உரசினால் என்ன ஆகும்? இதில் யார்மேலும் குற்றமில்லை. பலகைதான் தேய்ந்திருக்கிறது என்றார். துளையின் அகலம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஆங்கில விதியை என்னை வாசிக்கச் சொன்னார். அகலத்தைச் சொன்னால் சுற்றளவைச் சொல்வது கயிற்று வியாபாரிக்குக் கைவந்த கணக்கு. கயிற்றுக்கு விலையே சுற்றளவை வைத்துத்தான். ஒரு முழம் முறுக்கு நூலை எடுத்துக்கொண்டு சந்தியாகுவுடன் கொட்டகைக்குப் போனார்.

அங்கே நடந்ததை என் தந்தை பார்த்திருந்தார். கொட்டகை அதிகாரி முதலில் சிரித்தாராம். "கயிறு விக்க வந்தீரா, எனக்கு வேலை சொல்ல வந்தீரா?" அண்ணாச்சி நூலைத் துளையின் உட்புறமாகச் சுற்றி, முடிச்சிட்டு, சந்தியாகுவிடம் கொடுத்தார். சந்தியாகு அடுத்தவரிடம் காட்டினார். கடலிலிருந்து ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஈரக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் அது அதிகாரியின் மேசைக்குப் போய், அடிக்கோலின்மேல் கிடத்தப்பட்டது. முடிச்சு, விதிப்படி வர வேண்டிய சுற்றளவில் அப்படியே நின்றது. துளை சரி.

அதிகாரி அந்த இடத்திலேயே, பொய்ப்புகார் சொன்னதாகச் சந்தியாகுவின் பெயரைக் குளிப்பவர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது அண்ணாச்சி கொல்லையில் நின்று, கம்பங்களுக்கிடையே கட்டியிருந்த நனைந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் கயிறு சுருங்கிச் சுருங்கி ஒரு கம்பத்தையே சாய்த்திருந்தது.

"வாரவன் போறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி விக்கேன், நனைஞ்சா சுருங்கும்னு. நானே மறந்துட்டேன் பாத்தியா? நூலு சுருங்கிட்டு தாயி. நேத்து நான் அளந்தது துளையை இல்ல, ஈரத்தை."

பனையோலையில் ஒரு நறுக்கைக் கிழித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். ஓலை சுருங்காது. ஆனால் அதிகாரி உள்ளே விடவில்லை. இனிப் பலகையைத் தொட வேண்டுமானால் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்.

திரும்பி வந்து சந்தியாகுவிடம் கடையில் வேலை தருவதாகச் சொன்னார். சந்தியாகு கோபமில்லாமல்தான் பதில் சொன்னார். "ஒங்க கூலி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. அடிச்ச எம்பேரைத் திரும்ப எழுத வைங்க. அது போதும்."

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னைக் கேட்டார்: "சென்னையில உத்தரவு போடுதது யாரு?"

"மந்திரி."

"அவரைக் கேள்வி கேக்க முடியுமா?"

"சட்டசபையில் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அங்கத்தினர்தான் கேட்க முடியும்."

ஓலை நறுக்கை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "அங்கத்தினர் ஆகதுக்கு என்ன செய்யணும்?"

சிரிக்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்துக்கு வியாபாரிகள் மதிக்கிற ஒருவரைக் கட்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தம்மாள் அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, "கயிறு வித்து யாரும் கெட்டதில்ல. கேள்வி கேக்கப் போய்க் கெட்ட மொத ஆளு எங்க வீட்டுல இருக்கட்டும்," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் அண்ணாச்சி.

அந்தத் தேர்தலில் வரி கட்டுபவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் ஓட்டு. குளிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. அரிசிக்கடை முதலாளி ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார்: "ஓட்டு இல்லாதவனுக்காக எங்கிட்ட ஓட்டு கேக்கீரு. இது என்ன வியாபாரம் அண்ணாச்சி?" அண்ணாச்சி சொன்னார்: "ஒம்ம கடையில அரிசி அளக்குத படி தேஞ்சுபோச்சுன்னா ஒரு பொம்பளை வந்து சண்டை போடுவா. நீரு மாத்துவீரு. சர்க்கார் பலகை தேஞ்சா யாரு போய்ச் சண்டை போட? அதுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

ஒவ்வொரு கூட்டத்திலும் நனைந்த நூலின் கதையைத்தான் முதலில் சொல்வார். தன் தவறால் ஒருவன் பிழைப்பு போயிற்று, அதைச் சரிசெய்யவே வந்திருக்கிறேன் என்பார். கட்சிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். எதிர்க்கட்சியினர் "நனைஞ்ச நூலு வருது, விலகு, விலகு" என்று கூவினார்கள். அவர் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டார்.

சட்டசபையில் முதல் நாள் அவர் தோற்றுப்போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனவர், எழுந்து நின்று, ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து கடையில் எல்லோரிடமும் அதைத் தானே சொல்லிச் சிரித்தார். "டீச்சர் தமிழு ரொம்ப நல்ல தமிழு. என் வாய்க்குள்ள நொழைய மாட்டேங்கு."

பிறகு என் பேச்சை விட்டுவிட்டு அவர் பேச்சையே பேசினார். கேள்வியை மட்டும் நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வரும். அடுத்த கூட்டத்தில் மறுபடி அதே கேள்வி. நாடு சுதந்திரம் அடைந்தது, மந்திரிகள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை. மற்ற அங்கத்தினர்கள் அவருக்குப் பலகைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு முறை நான் துணிந்து, வேறு பெரிய விஷயங்களையும் கேட்கலாமே என்றேன். "கேக்கேன் தாயி, கேக்காம இல்ல. ஆனா அதெல்லாம் கேக்க நூறு பேரு இருக்காங்க. சந்தியாகு பேரைக் கேக்க நான் ஒருத்தன்தான்," என்றார்.

மூன்று பருவங்கள் சந்தியாகு கடலில் இறங்காமல் மூட்டை தூக்கினார். அந்த மூன்று வருடமும் அண்ணாச்சி அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

இந்த மாசிமாதக் கூட்டத்துக்குப் புறப்படும்போதுதான், பதில் வந்தால் தந்தி அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தது வேறு தந்தி.

மறுநாள் அவரை ரயிலில் கொண்டுவந்தார்கள். அன்று ஒரு தோணியும் கப்பலுக்குப் போகவில்லை. புன்னைக்காயலிலிருந்து வந்தவர்கள் கழுத்து ஜெபமாலையுடன் பின்னால் நடந்தார்கள். பாடையைக் கட்டக் கடையிலிருந்து எந்தக் கயிற்றை எடுப்பது என்று பேச்சு வந்தபோது, ஊறவைத்துக் காயவைத்த கயிற்றைச் சந்தியாகு யாரையும் கேட்காமல் போய் எடுத்துவந்தார்.

புதன்கிழமை அவருடைய கடிதம் வந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மாலை பென்சிலால் எழுதியது. இதற்கு நான் தேவையில்லை; தமிழ்தான். ஆனாலும் பாக்கியத்தம்மாள் என்னிடமே கொடுத்தார்.

"தந்தி ஆபீசு பூட்டியாச்சு. திங்கக்கிழமை அடிக்கேன். அதுக்குள்ள இது வந்தாலும் வரும். இன்னைக்குக் கேட்டேன். பார்ப்போம்னு சொன்னாங்க. நான் உக்காரல. சபாநாயகர் உக்காரச் சொன்னார். பதில் வந்தா உக்காருதேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா மந்திரி எழுந்திரிச்சுட்டார். பித்தளையில பலகை. பருவம் தொடங்கையில குளிக்கவங்க முன்னால வச்சு அளக்கணும். அடிச்ச பேரைத் திரும்ப எழுதணும். மூணும் உத்தரவாகுது. சந்தியாகுகிட்ட நீயே போய்ச் சொல்லு தாயி, சத்தமாச் சொல்லு. இவ்வளவு நேரம் நின்னதுல காலு ரெண்டும் கடுக்கு."

சத்தமாகவே வாசித்தேன்.

சென்ற வாரம் உத்தரவும் பித்தளைப் பலகையும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. அதிகாரியும் புதியவர். குளிப்பவர்கள் ஓலை நறுக்கால் துளையை அளந்து பார்த்துத் தலையசைத்தார்கள். பட்டியலை வாசித்தபோது சந்தியாகுவின் பெயர் கடைசியில், புது மையில் இருந்தது. அன்று பிற்பகல் அவர் கொண்டுவந்த முதல் சங்கைக் குமாஸ்தா துளையில் வைத்தார். அது நின்றது. சந்தியாகு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இனி நீங்கள் உட்காரலாம்.