கிடங்குச் சந்தில் விழுந்து கிடந்த வண்டி

தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்குப் பயந்த சுபாவம் உள்ளவர்களை எடுக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு அந்த வேலை கிடைத்திருக்காது. பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய், இரும்புக் கொக்கியால் குழியின் மூடியைத் தூக்கி, மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைக் கைக்கருவியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருக்காரர்களுக்கு அவள் மீட்டரம்மா. நாய் என்றால் பயம். கூப்பிடாமலே கதவு திறந்தால் பயம். குழிக்குள் பல்லி ஓடினால் போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் 'வீடு பூட்டியிருந்தது' என்று பொய்யாகப் பதிந்துவிட்டு நிழலில் உட்காரும் பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது. பயந்து பயந்தே எல்லா வீட்டுக்கும் போய்வந்துவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பயங்களோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவள் கணவன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்பவன். ஒரு நாள் மருந்துக்கடை வாசலில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்ததைப் பார்த்து நிமிர்த்தி வைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரன் வெளியே வந்தான். கண்ணாடி உடைந்திருந்தது, பெட்ரோல் டேங்கில் பள்ளம். 'நான் தள்ளலங்க, தூக்கித்தான் வச்சேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தான். நடை ஒருவழியாக நின்றது. அவன்தான் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை.

"அடுத்தவன் வண்டி கீழ கெடந்தா கண்ண மூடிக்கிட்டு வந்துடு. ஒனக்கு புண்ணியமா போகும்" என்று அவளிடம் சொல்லியிருந்தான். அலுவலகத்திலும் மூத்த மீட்டர்காரர் ஒருவர் வேறொரு கதை சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார். "வேணும்னே வண்டிய சாச்சு போட்டுட்டு ஒளிஞ்சிருப்பானுங்கம்மா. நீ தூக்க குனிஞ்சதும் பின்னால வந்து கழுத்துல இருக்கறத அறுத்துட்டு போயிடுவான்."

அன்று காலை பதினொரு மணி இருக்கும். கிடங்குச் சந்துக்குள் நுழைந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கிடங்கின் உயர்ந்த மதில். மறுபக்கம் வரிசையாக மாடி வீடுகள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம், சந்தில் ஆள் அரவமே இல்லை. சந்தின் நடுவில் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.

அவள் கால்கள் தாமாக நின்றுவிட்டன. வண்டியின் இடப்பக்க விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டிச் சின்ன ஓடையாகச் சாக்கடைப் பக்கம் போனது. ஹெல்மெட் இரண்டடி தள்ளி மல்லாந்து கிடந்தது. எல்லாம் இருந்தது, ஆளைத்தான் காணோம்.

'எனக்கெதுக்கு வம்பு' என்று நினைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு கடந்தாள். முதுகில் யாரோ கண் வைத்திருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டு மூடியைத் தூக்கினாள். நான்கு ஒன்று ஏழு இரண்டு. கருவியை எடுப்பதற்குள் எண் மறந்துபோனது. மறுபடி குனிந்து பார்த்தாள். மறுபடி மறந்தது. அந்த விளக்கு மனசுக்குள் மினுக்கிக்கொண்டே இருந்தது. வண்டியை விட்டவன் சாவியை ஏன் விடுகிறான்? திருடவேண்டும் என்று ஒளிந்திருப்பவன் பெட்ரோலை வீணாக்குவானா? அப்படியானால் ஓட்டிவந்தவன் எங்கே?

மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். நாய்க்காக வைத்திருக்கும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். "யாருங்க வண்டி?" என்று கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். மதிலோரம், கிடங்கு வாசல் தூணுக்குப் பின்னால் ஏதோ தேய்ந்தது. செருப்புச் சத்தம் மாதிரி.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இதைப் பின்னால் கணவனிடம் சொல்லும்போதும் ஒளிக்கவில்லை. ஆனால் முழங்கால் இரண்டும் வெலவெலத்துப்போனதால் ஓட முடியவில்லை, நடக்கத்தான் முடிந்தது. நடந்தது தூணைப் பார்த்து.

தூணுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மனிதர் சரிந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை.

"ஐயா, அடி பட்டுடுச்சா?"

அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படி ஒரு பிடி. "விட மாட்டேன்... கதவ தெற..." என்று நாக்குழறிச் சொன்னார். அவள் அலறினாள். எதிர் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. ஜன்னல் உடனே படாரென்று மூடிக்கொண்டது.

கையை உதறினாள். பிடி விடவில்லை. அப்போதுதான் அந்தக் கை எவ்வளவு சில்லென்றும் ஈரமாகவும் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. விரல்கள் நடுங்கின. இந்தக் கையை அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகச் சர்க்கரை நோய்க்காரனோடு குடும்பம் நடத்துகிறவள். மருந்து போட்டுக்கொண்டு சாப்பிட மறந்த நாளெல்லாம் அவள் கணவனுக்கும் இதே குளிர்ந்த வியர்வைதான், இதே பொருளில்லாத பேச்சுதான்.

"ஒங்களுக்கு சக்கர இருக்கா? காலைல சாப்பிட்டீங்களா?"

இடது கையாலேயே பையைத் துழாவினாள். கணவனுக்காக வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலம் கிடைத்தது. பல்லால் கிழித்தாள். முதலில் ஒரு மிடறு தண்ணீர் மட்டும் கொடுத்து, அவரால் விழுங்க முடிகிறதா என்று பார்த்தாள். முடிந்தது. பாட்டிலில் பொடியைக் கொட்டிக் குலுக்கி, குழந்தைக்குப் புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பாதி அவர் சட்டைக்குப் போனது. மீதி உள்ளே போனது. பிடி மெல்லத் தளர்ந்தது.

வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே என்று அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கெட்ட நேரம் என்பது அப்படித்தான் வரும்போல. அந்த நொடியில் சந்து முனையில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் குதித்து இறங்கினார்கள்.

"ஏய்! என்னம்மா பண்ற? விழுந்து கெடக்கற ஆளு பாக்கெட்டுல கைய விடற?"

"இல்லைங்க, இவரு மயங்கி..."

"மயக்க மருந்து குடுத்தியா? அந்த பாட்டில்ல என்ன?" ஒருவன் பாட்டிலைப் பிடுங்கினான். இன்னொருவன் அவள் கைக்கருவியைப் பறித்துப் புரட்டிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, தூணில் சாய்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார். "என் போன்... யாரு என் வண்டிய தள்ளுனது?" என்றார்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. கணவனின் கன்னமும் காவல் நிலையத்து மர பெஞ்சும் கண் முன்னால் வந்து நின்றன. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. குற்றம் செய்தவள்தான் இப்படி நடுங்குவாள் என்று அவர்கள் நினைப்பார்கள் என்பதும் தெரிந்தது. அது தெரிந்ததில் நடுக்கம் இன்னும் கூடியது.

"அவங்கள விடுங்க!"

எதிர் மாடி ஜன்னல் மறுபடி திறந்திருந்தது. அதே பெண். "அந்த ஆளு தானா வண்டிய நிறுத்தப் பாத்தாரு, ஸ்டாண்டு போடாம விட்டாரு, விழுந்துடுச்சு. தள்ளாடிக்கிட்டே போயி அங்க உக்காந்தாரு. இந்த அக்கா அப்புறமாதான் வந்தாங்க. நான் ஜன்னல் இடுக்கு வழியா எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருக்கேன்!"

சரக்கு வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டிலைப் பிடுங்கியவன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். "இனிப்பா இருக்குடா" என்றான் அசடு வழிய. மற்றவன் கைக்கருவியை அவளிடமே திருப்பி நீட்டினான்.

அதற்குள் அந்த மனிதரின் கண்ணுக்கு வெளிச்சம் வந்திருந்தது. "காலைல ஊசி போட்டேன்... சாப்பிடாம கெளம்பிட்டேன்" என்று முனகினார். தன் போனை வாங்கி வீட்டுக்குச் சொன்னார். அவருடைய மனைவி கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். அழவில்லை, கூச்சல் போடவில்லை. "எத்தன பொட்டலம் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒன்று என்றதும் தலையாட்டினாள். அவரை ஏற்றும்போது ஒரு நொடி மீட்டரம்மாவின் தோளைத் தொட்டாள். மருத்துவமனைக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

சரக்கு வண்டிக்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி ஓரமாக வைத்தார்கள். "ஒரு கை புடிங்கம்மா" என்றபோது அவள் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். "அது மட்டும் என்னால ஆகாதுப்பா."

எல்லோரும் போனபிறகு மூடி தூக்கக் குனிந்தாள். நாலு தடவை குத்திப் பார்த்தும் கொக்கி துளையில் மாட்டவே இல்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். ஜன்னல்காரப் பெண். இடுப்பில் தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை.

"அப்பவே எறங்கி வந்திருக்கணும்க்கா. அந்த ஆளு விழுந்தப்பவே. வீட்டுல நானும் புள்ளையும் மட்டும். பயந்துட்டேன்."

அவளைத் திட்டலாம் என்று மீட்டரம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்திருந்த பெண்ணை எப்படித் திட்டுவது?

"நான் மட்டும் என்ன, தாண்டிப் போய்ட்டுத்தான் திரும்பி வந்தேன்" என்றாள். "கொழந்தைய நான் வச்சுக்கறேன். நீ இந்த மூடிய கொஞ்சம் தூக்கும்மா. இன்னும் பதினாலு வீடு பாக்கி கெடக்கு."

அந்தப் பெண் கொக்கியை வாங்கிக்கொண்டாள். குழந்தை மீட்டரம்மாவின் சங்கிலியை ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.