சனிக்கிழமைச் சட்டை

என் மனைவிக்கு நல்ல எடுப்பான மூக்கு. மூக்குத்தி போடுவதற்கென்றே செய்த மூக்கு. ஆனால் கலியாணம் முடித்து ஒன்பது வருடமாக அதனால் வேறு பயன் ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது. சோறு அடிப்பிடித்தால் வாசலில் நிற்கிற எனக்குத்தான் முதலில் மணக்கும். அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கிற அவளுக்கு மணக்காது. காலையில் வெற்றிலையும் புகையிலையும் வாய்க்குள் போனால் படுக்கும்வரை அங்கேயே இருக்கும். ஒருமுறை அவளைச் சோதிக்கவென்றே, பழுதாய்ப்போன கெளுத்தி ஒன்றை நல்ல மீனோடு கலந்து கொடுத்தேன். உறைப்புப் போட்டு ஆக்கி வைத்துவிட்டாள். தின்று இரண்டு நாள் படுத்தவன் நான்தான்.

நான் தன்னாமுனைப் பக்கத்து ஆள். எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. பெண்சாதியைக் "கா" போட்டு அழைப்பதும் எங்கள் வழக்கம். அப்படித்தான் கல்முனை றோட்டில், வாவியை ஒட்டியிருந்த அவளுடைய ஊருக்கு வந்தேன். வீடு வளவு அவளுடையது. தோணியும் வீச்சு வலையும் என்னுடையது. சீதனத்தில் எழுதாமல் வந்த இன்னொன்று அவளுடைய தம்பி. தாயும் தகப்பனும் போனபின் அவள்தான் அவனை வளர்த்தாள். நான் வரும்போது அவனுக்குப் பதினொரு வயது. ஒரு கிழமைக்குள் தோணியின் முன்முனை, நாங்கள் சொல்லும் முன்னணியம், அவனுடையதாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவும் இல்லை.

அவனுக்கு இருபது வயது நடக்கும்போதுதான் அது நடந்தது. சண்டைக் காலம். ஒரு காலையில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தினார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டி இருந்தான். அவன் தலையை ஆட்டினால் பிடிப்பார்கள், ஆட்டாவிட்டால் விடுவார்கள். என்னைப் பார்த்து ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்த அவள் தம்பியை, என் மச்சானைப் பார்த்து ஆட்டினான். என்ன கண்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மட்டக்களப்பில் ஒரு முகாமில் வைத்திருப்பதாக நாலாம் நாள் அறிந்தோம்.

அறிந்த அன்று பின்னேரமே என் மனைவி அம்மன் கோயிலுக்குப் போனாள். தம்பி வீட்டுக்கு வரும்வரை மச்சம் தொடுவதில்லை, வெற்றிலை போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்தாள். மச்சம் என்றால் எங்களுக்கு மீனும் இறைச்சியும். கோயில் சடங்கு வந்தால் ஊரே ஒரு கிழமை மச்சம் விடும், அது பெரிய காரியம் இல்லை. எத்தனை கிழமை என்று தெரியாமல் ஒரு மீன்காரன் பெண்சாதி மச்சம் விடுவது வேறு கதை. மீன் ஆக்குகிற சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். என்னை விடச் சொல்லவில்லை. நானாகவே விட்டிருக்கலாம். விடவில்லை. கரையில் கூட்டாளிமாரோடு நெருப்புமூட்டி, ஓரா மீனும் மணலை மீனும் சுட்டுத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன்.

முதல் இரண்டு மூன்று கிழமை தப்பினேன். பிறகு ஒருநாள் படலையைத் திறக்கிறேன், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"ஓரா நல்ல கொழுப்போ?"

அன்று தொடங்கியது என் கெட்ட காலம். பீடி குடித்தால் எத்தனை என்று சொன்னாள். வலையில் இறால் பட்டதா நண்டு பட்டதா என்று என் கையைப் பார்க்காமலே சொன்னாள். மழை வருகிறது என்று கச்சான் கடலை காயப்போட்ட பாயைச் சுருட்டினாள், அரை மணித்தியாலத்தில் மழை வந்தது. அவளுக்கே இது புதினமாக இருந்தது. வாய் சுத்தமானதும் மூக்கு திறந்துகொண்டது என்றாள். பச்சை மிளகாய்க்கும் காய்ந்த மிளகாய்க்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பது தெரியாமல் ஒன்பது வருடம் ஆக்கியிருக்கிறேனே என்று கவலைப்பட்டாள். தின்ற எனக்கு அது முன்னமே தெரியும் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் என் பாய் விறாந்தைக்குப் போனது. "கோவிக்காதீங்க, மனிசன் கிட்ட வந்தா கருவாட்டு வாடி கிட்ட வந்த மாதிரிக் கிடக்கு" என்றாள். தேசிக்காய், அதாவது எலுமிச்சை, அதன் தோலும் மஞ்சள் சவுக்காரமும் போட்டு உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்தேன். பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு, "இப்ப தேசிக்காய் போட்ட மீன்" என்று சிரித்தாள். தம்பியைக் கொண்டுபோன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதற்காக நான் விறாந்தையில் கிடக்கலாம் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முகாமுக்குப் போவோம். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸால் இறக்கி நடக்கவிட்டுச் சோதித்து மறுபடி ஏற்றுவார்கள். முகாம் வாசலில் பெயரைச் சொல்லிப் பார்சலைக் கொடுக்க வேண்டும். மேலுக்கு ஒரு சேட்டு, இடுப்புக்கு ஒரு சாரன், கொஞ்சம் அவல், சீனி. ஆளைக் காட்டமாட்டார்கள். கடிதம் கொடுக்க முடியாது, வாங்கவும் முடியாது. போன கிழமை கொடுத்த உடுப்பை, போட்டு அழுக்கானபடி, ஒரு பையில் திருப்பித் தருவார்கள். அழுக்கு உடுப்பு வந்தால் ஆள் இருக்கிறான். வாசலில் நின்ற தாய்மார், பெண்சாதிமார் எல்லோரும் பையை வாங்கியதும் முகத்தைப் புதைத்து மோந்து பார்ப்பார்கள். முதலில் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் கிழமை இல்லை.

என் மனைவி தொடக்கத்தில் உடுப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு மட்டும் வருவாள். மூக்கு திறந்தபின் பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு அதை வாசிக்கவே தொடங்கினாள்.

"தம்பிக்குக் காய்ச்சல் வந்து விட்டிருக்கு."

"அவன் குளிச்சு நாலு நாளாகியிருக்கும். தண்ணி குடுக்கிறானுகள் இல்ல போல."

நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வருவேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் பஸ் கெதியாகப் போவதுபோல இருக்கும்.

அஞ்சாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பையில் சேட்டு மட்டும்தான் வந்தது. சாரன் இல்லை. பஸ்ஸில் ஏறி இருந்து சேட்டை எடுத்து மோந்தாள். கழுத்துப் பட்டியை மோந்தாள், கக்கத்தை மோந்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"என்னகா?"

"இது தம்பி போட்டதில்ல. வேற ஆரோ போட்டிருக்கு."

ஆள் இல்லாத பிறகும் பார்சலை வாங்கிக்கொண்டு யாருடையதையோ திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற கதை வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். "விசர்க்கதை கதைக்காத. கீரையைத் திண்டு திண்டு உனக்கு மூளை கலங்கிப்போச்சு" என்று பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வீட்டில் அந்தச் சேட்டை மட்டும் தோய்க்காமல் கொடியில் போட்டுவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் சேட்டு மட்டும்தான். அதே ஆள்தான் போட்டிருக்கிறது என்றாள். அன்றோடு அவள் மரக்கறிச் சோறும் தின்னவில்லை. தேத்தண்ணி மட்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே போட வேண்டும்போல இருக்கும். கிணற்றடியில் கவிழ்ந்துகிடந்த சட்டியை எடுத்து, நாலு பெரிய நண்டை உடைத்துப் போட்டு, மிளகும் உள்ளியும் அரைத்து நானே ஆக்கினேன். சோறோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"தின்னு. நேர்த்தியை நான் பொறுக்கிறன். மூக்கு பழையபடி அடையட்டும். இந்த மூக்கு வேணாம் எங்களுக்கு."

நண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"மூக்க அடைச்சா அவன் இருக்கான் எண்டு ஆகிருமா?"

கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். எனக்கும் இறங்கவில்லை. நாய்க்குப் போட்டேன். கை கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். அவன் சேட்டை யாருக்காவது கொடுத்திருப்பான், உள்ளே உடுப்பில்லாத ஆள் இருக்காதா, அவன் குணம் தெரியாதா என்றேன். படிக்கிற காலத்தில் போட்டுக்கொண்டு போன செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்த கதையைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவள் எழும்பிப்போய்ப் பெட்டியைத் திறந்து என் கலியாணச் சேட்டை எடுத்தாள். ஒன்பது வருடத்தில் நாலு தரம் போட்ட வெள்ளைச் சேட்டு.

"அப்ப ரெண்டு குடுப்பம்" என்றாள். சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, பழஞ்சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து தின்றாள். அவள் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள். அது உடைகிற நாளில் இவளை என்ன செய்வேன்?

அந்தச் சனிக்கிழமை இரண்டு சேட்டும் உள்ளே போயின. அடுத்த சனிக்கிழமை பையில் இரண்டும் வந்தன. பஸ் வரும்வரை அவள் பொறுக்கவில்லை. வாசலுக்கு எதிரே வேலியோரம் குந்தி, முதலில் மற்றச் சேட்டை, வழக்கமாகக் கொடுக்கிற கோடுபோட்டதை, எடுத்து மோந்தாள். அது அந்த ஆள். பிறகு என் வெள்ளைச் சேட்டை எடுத்து முகத்தில் வைத்தவள் எடுக்கவே இல்லை. முதுகு குலுங்கியது. யாருடையது என்று நான் நின்றபடியே இரண்டு தரம் கேட்டேன்.

"தம்பிதான்" என்றாள். "தம்பிதான். நல்லாருக்கான்."

அவள் மூக்கை அன்றைக்குத்தான் நான் முழுதாக நம்பினேன். றோட்டில் நின்று அழுதவனும் நான்தான், அவள்தான் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய உடுப்புத் தோய்த்தோம். மற்ற ஆளை எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. "பெரிய ஆள் இல்ல, புள்ளதான்" என்றாள் ஒருநாள். "சொறி பிடிச்சிருக்கு" என்றாள் இன்னொருநாள், அந்தக் கிழமை பார்சலில் வேப்பெண்ணெய் தடவின துணித்துண்டு ஒன்று போனது. பிறகு அவலும் இரண்டு பங்காகப் போனது.

பதினோராவது மாதம் மச்சானை விட்டார்கள். பகல் கல்முனை பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தான். பாதி ஆளாக வந்தான். அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு நின்றதை நான் இங்கே எழுதப்போவதில்லை. குளித்து, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாக இருந்தபின் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள?"

"உள்ளதான் அக்கா. படுவான்கரைப் புள்ள. பதினேழு வயசு. தாய் வாவியைக் கடந்து வர ஏலாது, விடமாட்டானுகள். எங்க இருக்கான் எண்டும் தெரியாது அவகளுக்கு. அவன் உள்ள வரக்குள்ள மேலில ஒரு கிழிசல்தான் கிடந்த. சேட்ட அவனுக்குக் குடுத்திட்டன். சாரன ரெண்டு பேருமாப் போத்துப் படுத்த." பிறகு சொன்னான். "நீ தோய்ச்ச சேட்டு வந்தா, முதல் நாள் போடமாட்டான் அக்கா. முகத்துக்கு மேல போட்டுக்கிட்டுக் கிடப்பான். வீடு மணக்குது எண்டுவான்."

அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்தநாள் கோயிலுக்குப் போய் நேர்த்தியை முடித்தோம். நான் விடியவே வாவியில் இறங்கி, வாவி அள்ளித் தந்ததையெல்லாம் கொண்டுவந்தேன். அவளே சட்டியை நிமிர்த்தி, இறாலும் மணலையும் ஆக்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் போட்டாள். தனக்கு வாழைக்காயைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நேர்த்திதான் முடிந்துவிட்டதே, தின்னு என்றேன்.

"மச்சம் திண்டா மூக்கு போயிரும்" என்றாள். "மறுகா அந்தப் புள்ளைய ஆரு பார்க்கிற?"

அந்தப் பிள்ளை வெளியே வர இன்னும் எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் சனிக்கிழமை தவறாமல் போனோம். மச்சானிடம் அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஆமிக்காரனிடம் தான் அவனுடைய அக்கா என்று கூசாமல் பொய் சொன்னாள். நான் பீடியை விட்டேன், மச்சத்தையும் விட்டேன். நேர்த்தி ஒன்றும் இல்லை. மீனைப் பிடித்து விற்றுவிட்டுக் கீரைச் சோற்றுக்கு வந்தேன், அவ்வளவுதான். பாய் விறாந்தையிலிருந்து உள்ளே வந்தது.

அந்த எட்டில் மூன்றாம் மாதமாக இருக்கும். திரும்பிவரும் பஸ்ஸில் அவள் அலுப்பில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். பை என் மடியில் கிடந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேட்டை எடுத்து மோந்தேன். முதலில் வியர்வைதான் மணத்தது. பிறகு வேப்பெண்ணெய், கொஞ்சம் அவல். இன்னும் கொஞ்சநேரம் முகத்தை எடுக்காமல் வைத்திருந்தேன். அதற்கெல்லாம் அடியில், வளர்கிற பிள்ளைகளின் தலையில் வருமே, அந்த மணம் இருந்தது. தோணி முன்னணியத்தில் இருந்து வலை பிடித்த வயதில் மச்சானிடம் வந்த அதே மணம்.

அவளைத் தட்டி எழுப்பினேன். கண்ணை விழித்துப் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"இருக்கான்கா" என்றேன்.