என் வீரனுக்கு இரண்டு வீச்சு

1996, மழைக்காலத்து ஞாயிறு ஒன்று. மைசூரில் கல்லூரித் தோழன் வீட்டு மாடி அறை. இருந்தவர்கள் அவன், நான், என் ஹாஸ்டல் அறைத்தோழன். வராதவன் ஒருவன், சாமராஜநகருக்கு பஸ் ஏறிவிட்டான். விளையாட்டில் எங்கள் வைத்தியன் அவன்தான். ஆகவே அன்று விழுந்தால் எழுப்பிவிட ஆளில்லை.

ஆளுக்கொரு வீரனைக் கற்பனையில் வளர்த்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு அது. கதையை நடத்துவதும் எதிரிகளை ஆட்டுவிப்பதும் வீட்டுக்காரத் தோழன். அமெரிக்க மாமா கொடுத்த விதிப்புத்தகத்தை வேறு யாரும் தொடக்கூடாது. என் வீரன் ஒரு வருடம் வளர்ந்து, ஒரே முறையில் இரண்டு வீச்சு வீசும் தகுதி பெற்றிருந்தான்.

எதிரே ஓர் அரக்கன்.

"முதல் வீச்சுல காலைத் தட்டிச் சாய்க்கறேன். ரெண்டாவதுல வெட்டறேன்" என்றேன்.

"ஆகல்ல குரு. சாய்க்கறதோட உன் முறை முடிஞ்சது" என்றான் தோழன், கன்னடம் கலந்த தன் தமிழில்.

"புத்தகத்தைக் குடு, பாத்துடலாம்."

"கௌதள்ளி கிராமத்துலேர்ந்து வந்து எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?"

சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேட்கவில்லை, புத்தகத்தை எடுத்தே விட்டேன். உரக்கப் படித்தேன். சாய்ப்பது, ஆயுதத்தைத் தட்டிவிடுவது போன்ற தந்திரங்களுக்கு ஒரு வீச்சு மட்டுமே செலவாகும். மிச்ச வீச்சு நம்முடையது. தெளிவாக இருந்தது.

அவன் முகம் சிவந்தது. "சரி. அரக்கனுக்கு மூணு வீச்சு. அவனுக்கும் இதுதானே?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனாலும், "ஆமா" என்றேன்.

என் முதல் பகடை தவறியது. இரண்டாவது வெட்டு விழுந்தது, அரக்கன் சாகவில்லை. அரக்கனின் முதல் வீச்சில் என் வாள் பறந்தது. அடுத்ததில் நான் தரையில். மூன்றாவதற்குப் பகடையை எடுத்த தோழன் நிறுத்தினான்.

"நான் சொன்ன விதிக்கே போயிடலாமா? உன் ஆள் பொழைச்சுப்பான்."

"ஒத்துக்கடா, உசுராவது மிஞ்சும்" என்று அறைத்தோழன் என் தொடையைக் கிள்ளினான்.

"உருட்டு" என்றேன்.

இருபது முகப் பகடையில் பதினெட்டு விழுந்தது. என் வீரன் செத்தான்.

அவன் விவரமெல்லாம் எழுதிவைத்திருந்த தாளில் நானே குறுக்குக் கோடு போட்டேன். "பைத்தியம் கணோ நீ" என்றான் தோழன். ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்குச் சாதகமாக இருக்கும்வரை மட்டும் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ள என்னால் இன்றும் முடியாது. அதற்கு அன்று ஆன மொத்தச் செலவு, ஒரு வருடம் வளர்த்த ஒரு வீரன்.