சந்தனத்துக்கு அடியில் ஒரு வடு

திரும்பி வந்ததும் திருத்தணி மலையில் முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறிய என் தமையனார், யுத்தம் மூண்ட பின் திரும்பவேயில்லை. காட்டுவழியே நடந்து உயிர்தப்பி வந்த ஒருவர், அவர் வாந்திபேதியில் மாண்டதாகச் சொன்னார். கண்ணால் கண்டீர்களா என்று அண்ணி கேட்டதற்கு, "கேள்விப்பட்டேம்மா" என்றார். ஆகவே அண்ணி தாலியைக் கழற்ற இணங்கவில்லை. இரண்டாண்டு பொறுத்த மாமா, காரியம் செய்யாவிடில் ஆவி தெருவில் அலையுமென்று வற்புறுத்தி, வரும் அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டார்.

அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்தது. அன்று உச்சிவேளையில் ஸ்டேஷன் தெருவில் தமையனாரைக் கண்டேன். மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவே அதே முதுகு. இடத்தோளைச் சற்றே தாழ்த்திய அதே நடை. மாமா சொன்ன ஆவி இதுவேயென எண்ணினேன். ஆயினும் ஓடத் தோன்றவில்லை. ஆவியாகவேனும் ஒருமுறை என்னைப் பார்க்கட்டும் என்றே பின்தொடர்ந்தேன்.

தமையனாரின் இடக்காதுக்குப் பின்னே ஒரு வடு உண்டு. சிறுவயதில் நான் எறிந்த கல்லால் ஆனது. மொட்டையடித்தால்தான் தெரியும். இந்தத் தலையிலோ சந்தனம் அப்பியிருந்தது. "அண்ணா" என்றழைத்தேன், திரும்பவில்லை. நெருங்கிச் சென்று, என்னையறியாமல் அவ்விடத்துச் சந்தனத்தை விரலால் வழித்துவிட்டேன்.

வடு இல்லை. திரும்பிய முகமும் அயலார் முகம்.

"இன்னா நைனா தேடறே? அல்லாத்தையும் முருகனுக்குக் குடுத்துட்டேன். ஒரு முடிகூட மிச்சமில்லே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அண்ணி என் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்து, "மலைக்கா போனீங்க தம்பி?" என்றார். மொட்டையும் சந்தனமுமாக அண்ணனைப் போன்ற உருவத்தைத் தெருவில் கண்டதாகச் சொல்லத் தொடங்கினேன்.

"ஆவின்னுதானே சொல்லுவாரு உங்க மாமா. ஆவி மொட்டை போட்டுகினு, சந்தனம் பூசிக்கினு வருமா? வேண்டுதலை முடிச்சிருக்காரு" என்றவர், என் விரலை மறுபடி பார்த்து, "காதுக்குப் பின்னாடி பாத்தீங்களா?" என்றார்.

"பார்க்குமுன்னே கூட்டத்துல மறைஞ்சிட்டாரு அண்ணி."

அந்த அமாவாசைக்குக் காரியம் நடக்கவில்லை. மாமா எங்களோடு பேச்சை நிறுத்தினார். மறுவருடம் கிருத்திகையன்று அண்ணி தாமே ஸ்டேஷன் தெருவுக்கு வந்து, கடந்துபோகும் ஒவ்வொரு தலையையும் பின்னாலிருந்து பார்த்து நின்றார். உண்மையறிந்த நானும் அருகில் நின்று, ஒவ்வொரு இடக்காதுக்குப் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.