சமுத்திரம் ஏரியில் ஒரு ராகு காலம்

கதவு, ஜன்னல், கட்டில், பெஞ்சு என்று இருபத்தைந்து வருஷமாக நான் செய்து கொடுத்ததில் ஒன்றாவது திரும்பி வந்ததா? செங்கம் ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ராஜமாணிக்கம் ஆசாரி கை வைத்தால் அசையாது என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலைக்கனம் ஏறிப்போனது. இல்லாவிட்டால், படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத நான், "இது ஒரு நாள் வேலைங்க" என்று அந்த வெள்ளைக்காரரிடம் வாயை விட்டிருப்பேனா?

அவர் பெயர் ஓலாஃப். நார்வேக்காரர். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்தவர் பக்கத்திலேயே வீடு எடுத்து மூன்று வருஷமாகத் தங்கிவிட்டார். எழுபத்தேழில் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து சமுத்திரம் ஏரி நிரம்பியதும், ஊர் ஞாபகத்தில் தானே ஒரு சின்னப் பாய்ப்படகு செய்துவிட்டார். நன்றாகத்தான் செய்திருந்தார். ஒரே ஓர் இடத்தில்தான் தண்ணீர் கசிந்தது.

படகின் நடுவில், அடிப்பலகையில் நீளமாக ஒரு வெட்டு. அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அது இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். வெட்டு வழியே தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க, அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டி அடிப்பலகையோடு சேரும் மூலையில்தான் கசிவு.

பெட்டியையே கழற்றி, சுத்தம் பண்ணி, மறுபடி பொருத்த வேண்டும் என்று ஓலாஃப் படம் போட்டுக் காட்டினார். அவர் போட்டிருந்த பழைய இரும்புத் திருகாணியெல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கழற்ற ஒரு வாரம் ஆகும். கீழ்பென்னாத்தூர் கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு நிலைக்கதவு கேட்டுக் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வஜ்ஜிரம் காய்ச்சி, மரத்தூளைப் போட்டுக் குழைத்து, இடுக்கில் திணித்து, மேலே இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்துவிட்டேன். வஜ்ஜிரம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை. கதவுக்கு அதைப் போல எதுவும் இல்லை. தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று கரைந்துவிடும். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன். பெயிண்ட் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தண்ணி ஊத்திப் பார்த்தது?" என்று கேட்டார் ஓலாஃப்.

"பாத்தாச்சுங்க" என்றேன், பார்க்காமலேயே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். பாயை ஏற்றிவிட்டு ஓலாஃப் நேராக என் பெண் சரசுவைப் பார்த்துக் கை நீட்டினார்.

"ஆசாரி பொண்ணு முதல்ல. அதுதான் மரியாதை."

அவளுக்குப் பத்து வயது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு காலைப் படகில் வைத்தும்விட்டாள். ஓடிப்போய் அவளைத் தூக்கினேன்.

"மணி அஞ்சு ஆவுது. ராகு காலம்ங்க. எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க."

சரசு ஓவென்று அழுதாள். ஓலாஃப் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டில் சமையல் செய்யும் கன்னியம்மாள் தூக்குச்சட்டியில் டீயோடு வந்து சேர்ந்தாள். புருஷனைச் சின்ன வயதிலேயே இழந்தவள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

"பாப்பா ஏறலியா? அப்ப நான் ஒரு தபா ஏறிப் பாக்கட்டுமா ஆசாரி? ஒண்ணும் ஆவாதுல்ல?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரே நின்று பார்க்கிறது. "ம்" என்றேன்.

நடு ஏரி வரைக்கும் நன்றாகத்தான் போனது. காற்று வேகம் பிடித்ததும் படகு சாய்ந்தது. இறக்கிய பலகை பெட்டியை நெம்பியிருக்க வேண்டும். கன்னியம்மாள் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. அப்புறம் படகு தண்ணீர் நிரம்பித் தாழ்ந்தது, ஒரே கூச்சல். எனக்கு நீச்சல் தெரியும். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஓடினேன், அதற்கு மேல் கால் நகரவில்லை. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த தசரதன்தான் நீந்திப்போனான். மரப்படகு என்பதால் முழுக்க முங்காமல் மிதந்தது. அதைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவளை அவனும் ஓலாஃப்புமாக இழுத்து வந்தார்கள்.

கரையில் தசரதன் மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினான்.

"ஆசாரி அப்பவே ராகு காலம்னு சொன்னாருப்பா! பொண்ணை எறக்கிட்டாரு பாரு!"

ஊரே என்னை மெச்சியது. ஓலாஃப் என் கையைப் பிடித்து, தான் சொல்பேச்சுக் கேட்காதது தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! கன்னியம்மாள் விரல்களை ஈரப்புடவையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

மறுநாளே நிலைக்கதவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கழற்றினேன். பசையைச் சுரண்டினேன். பஞ்சுத் திரியைக் தண்ணீரில் கரையாத குங்கிலியப் பிசினைக் காய்ச்சி அதில் தோய்த்து மூலை முழுக்க வைத்து, பித்தளைத் திருகாணி போட்டு இறுக்கினேன். எட்டு நாள் பிடித்தது. படகை இரண்டு முக்காலிமேல் ஏற்றி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, எங்கே சொட்டுகிறது என்று அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொட்டுதா?" என்று குரல். கன்னியம்மாள்.

"இல்லம்மா."

"அந்த ராகு காலம் உங்க பொண்ணுக்கு மட்டுந்தானா ஆசாரி? எனக்கு இல்லியா?"

எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்தபடி, "அது ராகு காலம் இல்ல கன்னியம்மா" என்றேன்.

"தெரியும். அன்னிக்கு உள்ள தண்ணி பூந்த எடத்தைக் கையால அடைச்சேன். கொழகொழன்னு ஒட்டிச்சு. மோந்து பாத்தேன். எங்கூட்டு மணைய ஒட்டிக் குடுத்தீங்களே, அதே நாத்தம். தொரைகிட்ட சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருக்கேன்."

ஓலாஃப் அதன்பின் இரண்டு வருஷம் அந்தப் படகை ஓட்டினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் தள்ளுமுன் ஆளனுப்பி, நேரம் நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பார். கேட்க வருகிறவள் கன்னியம்மாள்தான். வாசலில் வந்து நின்று என் முகத்தையே பார்ப்பாள். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி நேரம் சொல்லி அனுப்புவேன்.

எழுபத்தொன்பதில் அவர் ஊருக்குப் போய்விட்டார். கடைசிவரைக்கும் நான் சொல்லவில்லை.