முதல் பாட்டில் யாருக்கு?

கூடைப்பந்து டீமுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலையில் பந்து ஒன்றுதான் நம் தலையில் விழாது; மற்றதெல்லாம் விழும். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்து, முதல் காப்பியை யாரிடம் நீட்டுவது என்று தம்ளரோடு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

நிழல்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பெண்கள் டீம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்யலாம் என்று இந்த வேலைக்கு வந்தேன். பாட்டில்களைப் பெஞ்சில் வரிசையாக வைக்க வேண்டும். கோச் சார் பக்கத்தில் இருக்கிற முதல் பாட்டில் யாருடையதோ, ஆட்டம் அன்றைக்கு அவர் கையில். மற்றவர்கள் அவருக்குத்தான் பந்தைக் கொடுப்பார்கள். பல வருஷமாக அது சுமதி அக்காவின் இடம். இந்த வழக்கத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊரூர் குப்பத்திலிருந்து திவ்யா என்று புதுப் பெண் வந்தாள். குதித்தால் வளையமே அவளிடம் இறங்கி வருகிற மாதிரி இருக்கும். அவளுடையது எவர்சில்வர் பாட்டில். வெயிலில் கொதிக்கிறதே என்று நிழல் விழுந்த முதல் இடத்துக்கு அதை நகர்த்தினேன். பந்து தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் கோச் சாரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். வெயிலுக்காகத்தான் நகர்த்தினேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் சுமதி அக்கா கிட்டே வந்து கேட்டார்: "இன்னா செல்வி, என்னை வூட்டுக்கு அனுப்பச் சொல்லி சார் உன்கிட்டதான் சொன்னாரா?"

கம்பம்

மறுநாளே பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அதனால் என்ன? சுமதி அக்கா பந்தை எல்லோருக்கும் கொடுப்பார், திவ்யாவுக்கு மட்டும் கொடுக்க மாட்டார். திவ்யாவும் லேசுப்பட்டவள் இல்லை. தப்பித்தவறி பந்து கிடைத்தால் யாருக்கும் தராமல், எங்கே நின்றாலும் அங்கிருந்தே வளையத்துக்கு வீசுவாள். கோச் சார் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பாதியில் திவ்யா வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "யக்கா, நீயாவது அவங்ககிட்ட கேளு. நான் இன்னா லைட்டுக் கம்பமா, சும்மா நின்னுக்கினே கீறதுக்கு?"

ஐஸ் துணி

நானா கேட்பேன்? பஸ்ஸில் சில்லறை கேட்கவே எனக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் கடைசி ஆட்டம். தோற்றால் டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். சனிக்கிழமை சுமதி அக்காவின் முழங்காலுக்கு ஐஸ் கட்டினேன். வீங்கியிருந்தது. "கீழ எறங்குனா அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் ஏறி வந்துரும். நான் எறங்குனா எறங்குனதுதான்" என்றார். நான் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். காலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ இல்லாம நாளைக்கு ஜெயிக்க முடியாது செல்வி, அது எனக்கும் தெரியும், அதான் வயிறு எரியுது."

பக்கெட்

கிண்டியில் கால் வைத்ததும் கோச் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அம்மா தாயே, இன்னைக்குப் பெஞ்சுல நீ எதையும் வைக்காத, எனக்கு பிபி ஏறுது." பயந்துபோய், எல்லாப் பாட்டிலையும் ஒரே பக்கெட்டில் ஐஸோடு போட்டுவிட்டேன். பெண்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். காலி. ஆட்டம் யார் கையில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசி நிமிஷம். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். சுமதி அக்காவை இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் பந்தைத் திவ்யாவிடம் தள்ளினார். அவள் வீசினாள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. நான் பாப்பாவை இறுக்கியதில் அது வீல் என்று கத்தியது. திரும்பிய பந்தை அந்த வீங்கிய காலோடு எம்பிப் பிடித்து, அப்படியே உள்ளே போட்டார் சுமதி அக்கா. ஜெயித்தோம்.

திவ்யா ஓடிவந்து கட்டிக்கொள்ள, அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தப்பாப் போட்டாலும் கரெக்டா என் கைக்கு வர்ற மாதிரி போடறியே, கண்ணு!"

இப்போதெல்லாம் முதல் இடத்தை இரண்டு பேருமே கேட்பதில்லை. பக்கெட்டில் யார் பாட்டில் மேலே மிதக்கிறது என்று மட்டும் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.