ஹான் சார் அடித்த ஒரு ரவுண்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் எதிர் ஃபிளாட் சோயோன். கையில் வெண்டைக்காய்ப் பை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, அந்த ஆளோட ஒரே பேஜாரா கீது. நீ வந்து சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

சோயோன் கொரியாக்காரர். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டுக்குக் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. தமிழை வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. காய்கறி வண்டிக்கார அம்மாவிடமும் எங்கள் வாட்ச்மேனிடமும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். அதனால்தான் அந்த பேஜார்! இத்தனை வருடமாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறேன்... அந்த ஓட்டம் எனக்கு வராது.

"என்ன ஆச்சு சோயோன்?"

"நாளைக்குக் காரு ஓட்டப் போறாராம்."

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால், அவர் கணவர் ஹானுக்குக் கண் தெரியாது.

ஹான் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். காருக்குள் கேட்கிற சத்தத்தை அளப்பதுதான் வேலை. கதவு சாத்தினால் எப்படிக் கேட்க வேண்டும், கண்ணாடி இறங்கினால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற பிரிவு. (அப்படி ஒரு வேலை இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) சென்னைக்கு வந்த இரண்டாவது வருடம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷெட்டின் ஓரத்தில் துருப்பிடித்து நின்ற பழைய பத்மினி காரைப் பார்த்தார். வாங்கிவிட்டார். ஷெட்காரர் ரஹீம் பாயோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்ட ஆரம்பித்தார்.

அதே சமயத்தில் கண்ணில் பிரஷர். தெரிந்தபோது ரொம்பத் தாமதம். முதலில் ஓரங்கள் இருண்டன. பிறகு நடுப்பகுதியும். அவர் ஷெட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கார்புரேட்டரை விரலால் தடவித் தடவியே பூட்டினார் என்று பாய் சொல்வார். பெயின்ட் அடிக்கிற நாள் வந்தபோது, என்ன கலர் என்று சோயோனைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இளம் பச்சை. அந்தப் பச்சையை அவர் பார்த்ததே இல்லை.

நான்கு வருடம் உழைத்துச் செய்த கார். ஒரு நாள்கூட ஓட்டியதில்லை.

"நாளைக்கு கிளப்புல எல்லாரும் சேர்ந்து ஓட்ட வைக்கப் போறாங்களாம். எல்லாம் லூசு," என்றார் சோயோன். "நீ வா அக்கா. நிறுத்து."

கிளப் என்றால்? இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வைத்திருக்கிற பழைய கார் கிளப். மொத்தம் ஒன்பது கார். எல்லாம் நம் ஊர் ரோடுகளில் ஒரு காலத்தில் ஓடியவை. மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையில் எங்காவது கூடுவார்கள். தலைவி உர்சுலா என்ற ஜெர்மன் அம்மா, அறுபது வயது, கருப்பு அம்பாசிடர். இந்தியர் ஒரே ஒருவர்தான் உறுப்பினர் – ரஹீம் பாய். அவர் இல்லையென்றால் ஒன்பதில் ஆறு கிளம்பாது.

ஞாயிறு காலை ஆறரை மணி. மணிமங்கலம் தாண்டி ஒரு லேஅவுட். நீங்கள் பார்த்திருப்பீர்கள் – தார் ரோடு போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஒரு வீடுகூட வராமல் கிடக்குமே, அந்த மாதிரி. உரிமையாளர் உர்சுலாவுக்குத் தெரிந்தவர். வாசலில் சங்கிலி போட்டு, வேறு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். போனால், மடக்கு மேஜை மேல் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு பிளாஸ்கில் ஃபில்டர் காபி. தனாகா என்ற ஜப்பான்காரர் சோற்று உருண்டை கொண்டுவந்திருந்தார். ஒருவர் பிரேக் ஷூ கிடைக்கவில்லை என்கிறார். இன்னொருவர், தன் மகனுக்கு ஊரில் காலேஜ் சீட் கிடைத்ததைச் சொல்கிறார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே கேள்வியில்தான் முடிகிறது – உனக்கு எப்போது கான்ட்ராக்ட் முடிகிறது?

அப்போதுதான் கவனித்தேன். அங்கே எல்லாருக்கும் கிளம்புகிற தேதி ஒன்று இருக்கிறது. காருக்குத்தான் இல்லை. ஒருவர் ஊருக்குப் போனால் சாவி அடுத்தவர் கைக்குப் போகும். உர்சுலாவின் அம்பாசிடருக்கு அவர் ஐந்தாவது ஆள். நட்பு வைத்துக்கொள்ளவே பயமாக இருக்காதா? கேட்டேன்.

"பயம் இருக்கு. அதனால சீக்கிரமா ஃப்ரெண்ட் ஆயிடுவோம்," என்றார் உர்சுலா ஆங்கிலத்தில்.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஹானிடம் போனேன். சலவை செய்த வெள்ளைச் சட்டை, ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு தன் பத்மினியின் பக்கத்தில் நின்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"சார், சோயோன் ரொம்பப் பயப்படறாங்க."

"எனக்கும் பயம்தான் மேடம்," என்றார். பிறகு திட்டத்தை விளக்கினார். அவர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசியதை நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

லேஅவுட்டைச் சுற்றிச் சதுரமாக ஒரு ரோடு. நான்கு மூலை. மூலைக்கு ஒரு கார், நீள ரோடுகளின் நடுவில் ஒவ்வொரு கார், ஆக எட்டு. எல்லாம் ரோட்டைவிட்டு இடதுபக்கம் மனைக்குள் நிற்கும். அவர் வர வர ஒவ்வொன்றும் ஹார்ன் அடிக்கும். அந்தச் சத்தத்தை இடது காதில் வைத்துக்கொண்டு அவர் ஓட்டுவார். மூலைக் கார் இரண்டு முறை குட்டியாக அடித்தால் – வலதுபக்கம் திருப்ப வேண்டும்.

"எது எந்தக் கார்னு எப்படித் தெரியும் சார்?"

அவர் சிரித்தார். "எட்டு பேர் குரலும் எனக்குத் தெரியும்."

சந்தேகத்தோடு உர்சுலாவைப் பார்த்தேன். அவர் கையைக் காட்டினார். தூரத்தில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. "தனாகா. பாட்டரி கொஞ்சம் வீக்," என்றார் ஹான். தனாகா அங்கிருந்தே தலையில் கை வைத்துக்கொண்டார்.

சண்டை போட வந்தவள் அங்கேயே தோற்றுவிட்டேன்.

சோயோன் தோற்கவில்லை. ரஹீம் பாய் கூப்பிட்டுப் பார்த்தார். "அம்மா, நான் பக்கத்துல குந்தினு வரேன். கை சாவி மேலயே இருக்கும். ஒண்ணுன்னா ஆஃப் பண்ணிடுவேன். நீ பின்னால ஏறு."

"மாட்டேன். அக்கா ஏறட்டும்," என்று சொல்லிவிட்டு, செருப்பு சரசரக்க ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்து மூலைப் பக்கம் போய் நின்றார். பார்க்கக் கூடாது என்றுதான்.

ஆக, பின் சீட்டில் நான். எனக்கு இது தேவையா? வீட்டில் பொங்கல் செய்து சாப்பிட்டுவிட்டு பேப்பர் படிக்க வேண்டிய நேரம்...

இன்ஜின் உயிர்பெற்றது. ஹான் உடனே கிளப்பவில்லை. அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். கை ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவியது. கண்ணாடியை இறக்கினார். கார் நகர்ந்தது.

முதல் ஹார்ன். இடதுபக்கம் கனமான ஒரு குரல். கடந்தோம். உடனே எதிரில் மெல்லிய இன்னொரு குரல். அதை நோக்கிப் போனார். பெம், பெம் – இரண்டு குட்டி. கை மேல் கை வைத்து வலதுபக்கம் திருப்பினார். ரோட்டின் நடுவில், நூல் பிடித்த மாதிரி கார் திரும்பியது!

இரண்டாவது நீள ரோடு. இன்னொரு ஹார்ன். இரண்டாவது மூலை. பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். ஹானின் கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அது ஒரு துளி திரும்பியது, பூ சூரியனைப் பார்க்கிற மாதிரி. நிதானமாகத்தான் போகிறோம், சைக்கிள்காரர் முந்திப் போய்விடலாம். எனக்கு விமானம் மாதிரி இருந்தது.

ஒன்று தோன்றியது. ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் எத்தனை ஹார்ன் கேட்கிறோம்? அத்தனைக்கும் ஒரே அர்த்தம்தான் – நகரு. இங்கே அடித்த ஒவ்வொரு ஹார்னும் வேறு ஒன்றைச் சொன்னது – நான் இருக்கிறேன், வா.

மூன்றாவது மூலை. அங்கே தனாகாவின் கார்.

நீளமாக அடித்துக்கொண்டிருந்த ஹார்ன் பாதியில் கரகரத்தது. நின்றது. நாங்கள் போய்க்கொண்டே இருக்கிறோம். தனாகா ஸ்டியரிங்கைக் கையால் குத்துகிறார், இரண்டு கையாலும் குத்துகிறார் – சத்தமே இல்லை. அந்த மூலைக்கு அந்தப் பக்கம் மூடி போடாத மழைநீர்க் கால்வாய். ஆள் உயரப் பள்ளம்.

"பாய்!" என்று கத்தினேன். பாயின் விரல்கள் சாவியை இறுக்கிப் பிடித்தன.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"ஒடி! ரைட்ல ஒடி! ஃபுல்லா ஒடி!"

சோயோன். பார்க்கவே மாட்டேன் என்று போன அம்மா, கால்வாய்க்கு முன்னால் ரோட்டோரத்தில் நின்று, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார். கொரிய மொழியில் இல்லை. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வாட்ச்மேன் தினம் கத்துவாரே, அதே வார்த்தைகள், அதே ராகம்.

"ஒடி ஒடி ஒடி... போதும்! நேராக்கு! வா வா வா... அப்படியே வா!"

ஹானின் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. முழுசாக ஒடித்தார். போதும் என்றதும் நேராக்கினார். கால்வாய் என் ஜன்னலுக்கு வெளியே இடதுபக்கம் ஒதுங்கிப் போனது. கார் குலுங்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு கடைசி ரோடு, கடைசி மூலை. அங்கே நின்ற கார்கள் கொஞ்சம் அதிகமாகவே ஹார்ன் அடித்தன என்று நினைக்கிறேன். கிளம்பிய இடத்தில் உர்சுலா நின்று "ஸ்டாப்" என்றார். நின்றது. ஹான் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. கொடித் துணி படபடப்பது மட்டும் கேட்டது.

"ஏன் பாய் சாவியைத் திருப்பலை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்தம்மா குரல் கேட்டதும் கை அப்டியே நின்னுபோச்சுக்கா. நமக்கு இனிமே இங்க வேல இல்லன்னு தோணிச்சு."

சோயோன் காலி மனைகளின் குறுக்கே ஓடி வந்தார். ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். வந்த வேகத்தில் ஹானின் தோளில் ஓங்கி ஒரு அடி. கொரிய மொழியில் வசைமழை. நடுநடுவே "லூசு... லூசு" மட்டும் எனக்குப் புரிந்தது. திட்டி முடித்ததும் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. நாங்கள் எல்லாரும் திடீரென்று காபி பிளாஸ்கில் ரொம்ப ஆர்வம் காட்டினோம். தனாகா மட்டும் வந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றார். நிமிரவே மாட்டேன் என்கிறார். ஹான் கையால் துழாவி அவர் முதுகைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தார். "பாட்டரி மாத்து," என்றார்.

இன்னொரு ரவுண்டு போகலாமா என்று யாரோ கேட்டார்கள். ஹான் வேண்டாம் என்று தலையசைத்தார். சாவியைக் கழற்றி சோயோன் கையில் வைத்து விரல்களை மூடினார். இனி நீ ஓட்டு என்று சொன்னதாக, வரும் வழியில் சோயோனே எனக்குச் சொன்னார்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்குச் சைக்கிளே தெரியாதுன்னேன். கத்துக்கோன்னுட்டாரு."

கற்றுக்கொள்கிறார்! சேலையூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல்எல்ஆர் வாங்கியாகிவிட்டது. கிளாஸ் முடிந்த பிறகு பாய் பின் சீட்டில் உட்கார, ஹான் பக்கத்தில் உட்கார, பச்சைப் பத்மினி எங்கள் தெருவில் எல் போர்டோடு ஊர்கிறது. கிளட்ச்சை விடுகிற நேரத்தை இன்ஜின் சத்தத்தை வைத்து ஹான்தான் சொல்கிறார். இப்போ. இல்லை, இன்னும் கொஞ்சம். ஆங், இப்போ. அவர் சொல்கிற நேரத்தில் விட்டால் கார் தூக்கிப் போடுவதே இல்லை என்கிறார் சோயோன்.

இத்தனை நாளும் ஹானிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. எழுதுகிறவள் புத்தி, என்ன செய்வது? இருட்டில் ஒரு மனிதன், எட்டு நண்பர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு, தன் கையால் செய்த காரை முதல்முறையாக ஓட்டுகிறான்... அவன் உள்ளே என்ன நடந்திருக்கும்? நட்பைப் பற்றி ஏதாவது சொல்வார், வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்வார், உங்களுக்கு அப்படியே எழுதிவிடலாம் என்று ஆசை.

நேற்று லிஃப்டில் மாட்டினார். கேட்டே விட்டேன்.

"சார், அன்னைக்கு அந்த ரவுண்டு போகும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

எங்கள் மாடி வந்து, கதவு திறந்து, வெளியே ஒரு கால் வைத்த பிறகுதான் பதில் வந்தது.

"செகண்ட் கியர்."